மைக் செட்டு, பல் செட்டு, செட் தோசை

பொழப்புக்கு நான் பண்றது ஆப்களையும் மெஷின் மேனுவல்களையும் தமிழாக்கித் தர்ற வேலை, லோக்கலைசேஷன்னு சொன்னா கொஞ்சம் கெத்தா இருக்கும். வேலை எப்படி வரும்னா ஒரு எக்செல் ஷீட்டு, இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் காலி, அவ்ளோதான். எந்த ஸ்க்ரீன்ல வருது, பட்டனா தலைப்பா, மேல கீழ என்ன இருக்கு, எதுவும் சொல்ல மாட்டாங்க. முழு வாக்கியமா வந்தா கவலையே இல்ல, எவ்ளோ நீளமா இருந்தாலும் முட்டி மோதி முடிச்சிடலாம். பயமெல்லாம் ஒத்தச் சொல்லு வர்ற கட்டத்தைப் பார்த்துத்தான். அதுலயும் இங்கிலீஷ்ல மூணே எழுத்து இருக்கிற இந்த "செட்" மாதிரி வில்லங்கம் புடிச்ச சொல்லு வேற இல்ல.

ஏன்னா அது கட்டளையா இருக்கலாம், அலாரம் வைக்கிற பட்டன். இல்லன்னா அலாரம் வச்சாச்சுன்னு சொல்ற செய்தியா இருக்கலாம், புட், கட், ஹிட் மாதிரி இதுக்கும் நிகழ்காலம் இறந்தகாலம் ரெண்டுக்கும் ஒரே உருவம். ஜிம் ஆப்பா இருந்தா பன்னெண்டு தடவை தூக்கி இறக்குறது ஒரு செட்டு. ஸ்போர்ட்ஸ் ஆப்பா இருந்தா டென்னிஸ். பாத்திரம் விக்கிற ஆப்பா இருந்தா ஆறு டம்ளர் சேர்ந்தது. இங்கிலீஷ்காரன் இதுல எதையும் முடிவு பண்ணாம அந்த மூணு எழுத்தை மட்டும் வச்சிட்டு நடையைக் கட்டிடலாம், தமிழ்ல எழுதுறவன் வினையா பெயரா, நடந்துச்சா நடக்கணுமா, யாரு யாருக்குச் சொல்றா, எல்லாத்தையும் முடிவு பண்ணித்தான் ஆகணும். ஒரு வானிலை ஆப்ல சூரியன் படத்துக்குக் கீழ "உதயம்"னு ஒரு நேரமும் பக்கத்துலயே அஸ்தமனத்துக்கு "தொகுப்புகள்"னு ஒரு நேரமும் போட்டிருந்ததைப் பார்த்தேன். யாரோட ஆப்னு சொல்ல மாட்டேன். மொழிபெயர்த்த புண்ணியவான் மேல கோபமும் இல்ல, அவருக்கும் ஒரு எக்செல் கட்டம்தான் வந்திருக்கும்.

இந்தச் சொல்லைப் பத்திப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் "தெரியுமா, இங்கிலீஷ்லயே அதிக அர்த்தம் உள்ள சொல்லு இதுதான், 430 அர்த்தம்"னு ஆரம்பிப்பாங்க. க்விஸ் நடத்துறவங்களுக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. அந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1989ல வந்த ஆக்ஸ்போர்டு இங்கிலீஷ் அகராதியோட ரெண்டாம் பதிப்புலேர்ந்து. மொத்தம் 20 தொகுதி, அதுல இருக்கிறதுலயே நீளமான பதிவு செட்ங்கிற வினைச்சொல்லுக்குத்தான், அர்த்தப் பிரிவு 430க்கு மேல, விளக்கம் கிட்டத்தட்ட 60,000 சொல்லு. ஒரு நாவல் சைஸுக்கு ஒரே ஒரு சொல்லுக்கான விளக்கம். ஆனா அந்த ரெக்கார்டு இப்ப செல்லாது. மூணாம் பதிப்புக்காக எம் எழுத்துலேர்ந்து திருத்த ஆரம்பிச்சாங்க, 2000ல "மேக்" முந்துச்சு, 2007ல "புட்" அதையும் முந்துச்சு, 2011ல "ரன்" வந்து 645 அர்த்தத்தோட எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. பீட்டர் கில்லிவர்ங்கிற ஆசிரியர் அந்த ஒரே சொல்லைக் கட்டிக்கிட்டு ஒம்பது மாசம் மாரடிச்சிருக்கார்.

சரி, இதே செட்டை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தோட வேர்ட்நெட்ல போய்ப் பாருங்க, கம்ப்யூட்டர்காரங்க எல்லாரும் பயன்படுத்துற சொல்தொகுப்பு அது, அங்க வினைச்சொல்லா செட்டுக்கு 25 அர்த்தம்தான். அப்ப 430ஆ, 25ஆ? ரெண்டுமே சரிதான், அதான் வேடிக்கை. ஆக்ஸ்போர்டு அகராதி வரலாற்று அகராதி, செத்துப்போன அர்த்தத்தைக்கூட தூக்கிப் போடாது, பல நூற்றாண்டுக்கு முன்னாடி யாரோ எழுதின ஒரு வரி சிக்கினாலும் அதுக்கு ஒரு நம்பர் குடுத்து வச்சுக்கும். அதுவும் இல்லாம எங்க வெட்டுறதுங்கிறது வெட்டுறவங்க கையில இருக்கு. அலாரத்தை செட் பண்றது, எலிப்பொறியை செட் பண்றது, சாப்பாட்டு மேஜையை செட் பண்றது, இது மூணு அர்த்தமா, இல்ல "வேணுங்கிற மாதிரி தயார் பண்ணி வை"ங்கிற ஒரே அர்த்தமா? அகராதி போடுறவங்களுக்குள்ளயே சேர்க்கிற கட்சி, பிரிக்கிற கட்சின்னு ரெண்டு உண்டு, காலகாலமா சண்டை. அதனால ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தம்னு யாராவது நம்பர் சொன்னா, அது சொல்லைப் பத்தின தகவலே இல்ல, எண்ணினவரோட கத்தியைப் பத்தின தகவல்னுதான் நான் எடுத்துக்குவேன்.

ரன்னையே எடுத்துக்கங்க. ஆளு ஓடுறான், கடையை ஓட்டுறான், ரெண்டுக்கும் அங்க ரன்னுதான். நமக்கு ஓடு வேற, ஓட்டு வேற, பள்ளிக்கூடத்துல தன்வினை பிறவினைன்னு படிச்சோமே அதேதான். நாம ரெண்டு சொல்லா வச்சிருக்கிறதை அவங்க ஒரே சொல்லுல திணிச்சிருக்காங்க, திணிச்சா எண்ணிக்கை ஏறத்தானே செய்யும். இதுல பெருமைப்பட என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல.

இதைவிட சுவாரசியம் என்னன்னா, செட்டோட அடி வேரைத் தோண்டினா அதுவே ஒரு பிறவினைதான். பழைய இங்கிலீஷ்ல "செட்டன்", சிட்டுக்குப் பிறவினை. சிட்னா உட்காரு, செட்னா உட்கார வை. நம்ம அமர், அமர்த்து மாதிரியே. இருத்தல், இருத்துதல் மாதிரியே. இப்படி ஜோடிகள் இங்கிலீஷ்ல முன்ன நிறைய இருந்துச்சு, இப்ப எச்சசொச்சம்தான் மிச்சம், படுக்கிற "லை" கிடத்துற "லே", விழுற "ஃபால்" மரத்தை வெட்டி விழ வைக்கிற "ஃபெல்". இங்கிலீஷ் இலக்கணத்துல நம்ம இலக்கணம் எட்டிப் பார்க்கிற இடம் இது, யாரும் வகுப்புல சொல்லித் தர்றதில்ல.

ஆனா டீ செட்டு, சோபா செட்டுன்னு சொல்றோமே, அந்தப் பெயர்ச்சொல்லு இந்த வீட்டுப் புள்ளையே இல்ல. அது லத்தீன் "செக்டா"லேர்ந்து பழைய பிரெஞ்சு "செட்" வழியா வந்த தத்துப்புள்ள, ஒருத்தர் பின்னாடி போற கூட்டம்னு அர்த்தம், மதப்பிரிவுக்கு இங்கிலீஷ்ல சொல்ற "செக்ட்"டும் அதே லத்தீன் வேருதான். உட்கார வைக்கிற செட்டும் கூட்டமா இருக்கிற செட்டும் கேக்கிறதுக்கு ஒண்ணா இருந்ததால ஜனங்க வாயில கலந்து, ஒண்ணோட அர்த்தம் இன்னொண்ணுல ஒட்டி, இப்ப பிரிச்சுப் பார்க்கவே முடியாம போயிடுச்சு. வினையையும் பெயரையும் சேர்த்து அதிக அர்த்தம் உள்ள சொல்லுன்னு கொண்டாடினா, அதுல ஒரு பங்கு ரெண்டு தனித்தனி சொல்லு மோதிக்கிட்ட விபத்து.

சூரியன் செட் ஆகுறது மட்டும் அந்தப் பழைய உட்கார்ற வீட்டைச் சேர்ந்தது. பழைய இங்கிலீஷ்ல அஸ்தமனத்துக்கு "செட்ல்கங்"னு ஒரு சொல்லு இருந்துச்சு, செட்ல்னா இருக்கை, கங்னா போறது, சூரியன் தன் இருக்கைக்குப் போகுதாம். எங்க ஊர்ல பெருசுங்க "பொழுதடைஞ்சு போச்சு"ன்னு சொல்லும். கோழி கூட்டுக்குள்ள போனாலும் அடையுதுதான், முட்டை மேல உக்காந்தாலும் அடைதான், பொழுது போனாலும் அடையுதுதான். இங்கிலீஷ்லயும் அடை காக்கிற கோழியை "செட்டிங் ஹென்"னு சொல்றவங்க உண்டு. கோழியையும் சூரியனையும் ஒரே வினையில கட்டிப் போடணும்னு ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத ரெண்டு ஜனங்களுக்கும் தோணியிருக்கு. அந்த வானிலை ஆப்ல நான் எழுதியிருந்தா "பொழுதடையும்"னே போட்டிருப்பேன், ரிவ்யூ பண்றவர் அடிச்சிருப்பார், அது வேற கதை.

தொழிலுக்குத் தொழில் இந்தச் சொல்லு எப்படி இறுகிக் கெடக்குங்கிறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். கொத்தனாருக்கு செட்னா சிமெண்டு. தண்ணி கலந்ததுலேர்ந்து கலவை அசைய மறுக்கிற வரைக்கும். சாதா போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தரக்கட்டுப்பாட்டுல முதல் செட்டிங் 30 நிமிஷத்துக்கு முன்னாடி ஆகக் கூடாது, கடைசி செட்டிங் 600 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. இதைப் பார்க்க வைகாட்னு ஒரு கருவி, ஒரு மில்லிமீட்டர் கனத்துல ஊசி, பிசைஞ்ச சிமெண்டுக்குள்ள இறக்கி அது அடி வரைக்கும் போகாம தடுமாறுற நேரத்தைக் குறிப்பாங்க. சிமெண்டு அரைக்கும்போது கொஞ்சம் ஜிப்சம் சேர்க்கிறதே தண்ணி பட்ட உடனே குப்புனு இறுகிடக் கூடாதுன்னுதான். இதுல ஒரு நுணுக்கம், செட் ஆகுறது வேற, பலம் ஏறுறது வேற. நாலு மணி நேரத்துல செட் ஆன தளத்துக்கு முழு பலம் பார்க்கிற கணக்கு 28 நாளு. "அதான் செட் ஆயிடுச்சே"ன்னு அவசரப்பட்டு முட்டுக்கட்டையை உருவுற ஓனருங்களுக்கு இந்த வித்தியாசத்தை மேஸ்திரி சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

கரும்பு விவசாயத்துல இங்கிலீஷ் புத்தகம் பார்த்தீங்கன்னா விதைக்கரணைக்கு செட்னுதான் எழுதியிருப்பான், கடைசியில ஒரு டி கூடுதலா போட்டு. ரெண்டு பரு இருக்கிற மாதிரி நறுக்கின துண்டு, ஹெக்டேருக்கு 75,000 கரணை வேணும்னு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும். அதே ரெண்டு டி போட்ட செட்டுதான் பேட்ஜர்னு சொல்ற பிராணியோட வளைக்கும், ரோட்டுல பதிக்கிற கருங்கல்லுக்கும், ஸ்காட்லாந்து கட்டம்போட்ட துணியோட நூல் வரிசைக்கும். கரும்புக்காரனும் கல்லு பதிக்கிறவனும் பக்கத்துப் பக்கத்துல நின்னு பேசினாக்கூட ஒருத்தர் சொல்ற செட்டு இன்னொருத்தருக்கு விளங்காது.

டென்னிஸ்ல ஆறு கேம் ஜெயிச்சா ஒரு செட்டு, ரெண்டு கேம் வித்தியாசம் இருக்கணும், இல்லன்னா டை-பிரேக்னு ஒரு முடிவு ஆட்டம், ஆனா விம்பிள்டன் அஞ்சாவது செட்டுக்கு அப்பல்லாம் அது கிடையாது. அந்த ரெண்டு வித்தியாசம் வராமலேயே போனா என்ன ஆகும்னு 2010 விம்பிள்டன்ல இஸ்னரும் மஹுவும் காட்டினாங்க, அஞ்சாவது செட்டு 70க்கு 68, அந்த ஒரு செட்டு மட்டும் எட்டு மணி நேரத்துக்கு மேல, மொத்த மேட்ச் மூணு நாள் இழுத்துச்சு. கணக்குல கேன்டர்ங்கிற கணித மேதை 1870கள்ல ஆரம்பிச்சு வச்ச செட்டு, நம்ம பாடப்புத்தகத்துல கணம், இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகத்துல தொடை. எங்க ஊர்ப் பசங்க கிட்ட "இன்னிக்கு தொடைகள் பாடம்"னு சொன்னா வகுப்பே சிரிக்கும், ஆனா மாலை தொடுக்கிற தொடை, எதுகை மோனைத் தொடைன்னு நினைச்சுப் பார்த்தா அது ரொம்ப நல்ல சொல்லு, கணத்தைவிட எனக்கு அதுதான் புடிக்குது.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். இத்தனை அர்த்தத்தோட ஒரு சொல்லு நம்ம ஊருக்கு வந்துச்சு, நாம அத்தனையையுமா எடுத்துக்கிட்டோம்? இல்லவே இல்ல. சூரியன் செட்டை எடுக்கல, கரும்பு செட்டை எடுக்கல, பொறி வைக்கிறதை எடுக்கல. முதல்ல எடுத்தது "சேர்ந்து இருக்கிறது". மோட்டரும் பம்பும் சேர்ந்தா பம்பு செட்டு. ஆம்ப்ளிஃபையரு, குழாய் ஸ்பீக்கரு, மைக்கு சேர்ந்தா மைக் செட்டு. மேலயும் கீழயும் சேர்ந்தா பல் செட்டு. கோயில் கொடைக்குக் கட்டுற கலர் பல்பு மாலை சீரியல் செட்டு. ஆளுங்களுக்கும் அதேதான், பேண்டு செட்டு, கரகாட்ட செட்டு. வட மாவட்டத்துல தெருக்கூத்துக் குழுவை ஜமான்னு சொல்லுவாங்க, தெக்க கரகாட்டத்துக்குத் தேதி குடுக்கப் போனா "எந்த செட்டு வேணும்"னு கேப்பாங்க. கூடப் படிச்சவன் "எங்க செட்டு". சேரக் கூடாதவனோட சேர்ந்தா "செட்டு சேர்ந்துட்டான்". சினிமாக்காரங்க செட்டு வேற, "நாயகன்" படத்துக்காக ஆர்ட் டைரக்டர் தோட்டா தரணி மும்பை தாராவியைக் கொண்டு வந்து மெட்ராஸ் ஸ்டூடியோவுக்குள்ள போட்டது மாதிரி.

செட் தோசைதான் இதுல பலே ஆளு. கர்நாடகத்துலேர்ந்து வந்தது, ரெண்டோ மூணோ அடுக்கி ஒரு பிளேட்டா குடுத்ததால செட்டு. ஆனா இப்ப சென்னையில வடகறியோட சாப்பிடுறவனுக்கு செட்டுன்னா மெத்து மெத்துனு கனமா, ஒரு பக்கம் மட்டும் வெந்து மேல துளை துளையா இருக்கிற அந்த ரகம். "ஒரே ஒரு செட் தோசை எக்ஸ்ட்ரா குடுப்பா"ன்னு கேக்கிறான், சப்ளையரும் சிரிக்காம கொண்டு வந்து வைக்கிறார். எண்ணிக்கையைச் சொல்ல வந்த சொல்லு பஞ்சு மாதிரி இருக்கிறதைச் சொல்ற சொல்லா மாறிப் போச்சு. இது எந்த இங்கிலீஷ் அகராதியோட 430லயும் வராது.

அதேபோலத்தான் "செட் ஆகல". இந்த மஞ்ச கலரு எனக்கு செட் ஆகாது, பெங்களூரு கிளைமேட்டு அவனுக்கு செட் ஆகல, மாமியாருக்கும் மருமகளுக்கும் செட் ஆகல. ஒத்து வரல, ஒட்டல, பொருந்தலன்னு நாம வச்சிருந்த மூணு நாலு சொல்லோட இடத்தை இந்த ஒண்ணு புடிச்சு உக்காந்திருக்கு. இங்கிலீஷ்காரன் இந்த இடத்துல செட்டைப் போடவே மாட்டான். அப்படியே கொஞ்சம் தள்ளிப் போனா "ஆளு செட் ஆயிடுச்சா மச்சி", அதுக்கும் தள்ளிப் போனா "செட்டப்பு", அதுல ஒரு அர்த்தத்தை வீட்டுப் பெரியவங்க முன்னாடி சொல்ல முடியாது.

இன்னொரு கூத்து, செட்டு வர்றதுக்கு முன்னாடியே நம்மகிட்ட ஒரு செட்டு இருந்துச்சு. "சிக்கனமும் செட்டும்"னு கேட்டிருப்பீங்க, "கட்டுசெட்டா குடும்பம் நடத்துறா"ன்னு அத்தைங்க மெச்சுவாங்க, அது நம்ம ஊர்ப் பழைய செட்டு, இங்கிலீஷுக்கும் அதுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. கூடவே ஷெட்டும் ஊர் வாயில செட்டாயிடுச்சு, கோழி செட்டு, கார் செட்டு, தறி செட்டு. காலேஜ் வாத்தியார் வேலைக்கு எழுதுற மாநிலத் தகுதித் தேர்வும் சுருக்கமா செட்டு. ஆக கோழிப்பண்ணை வச்சிருக்கிற ஒருத்தர் சிக்கனமா செட்டு போட்டுட்டு செட்டு எழுதப் போனார்னா, அதுல ஒரு செட்டுகூட ஆக்ஸ்போர்டு செட்டு இல்ல.

இவ்ளோ குழப்பத்துல எப்படிங்க நாம யாருமே குழம்புறதில்ல? பிரெஞ்சுக்காரர் மிஷேல் பிரேயால், 1897ல இந்த பல அர்த்தம்ங்கிற சமாச்சாரத்துக்கே பேர் வச்சவர், பேசுற சூழல் தெளிவா இருக்கிறதால மத்த அர்த்தமெல்லாம் மனசுல எட்டிக்கூடப் பார்க்காதுன்னார். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா 1979ல டேவிட் ஸ்வின்னிங்கிற உளவியல்காரர் ஒரு சோதனை பண்ணிப் பார்த்தார். ஆளுங்களை ஒரு கதை கேக்க விட்டார், சிலந்தி, கரப்பான்னு சொல்லிட்டே வந்து "பக்"னு ஒரு சொல்லு வரும், இங்கிலீஷ்ல அது பூச்சியும் தான், ஒளிச்சு வைக்கிற ஒட்டுக்கேட்புக் கருவியும் தான். அந்தச் சொல்லு காதுல விழுற நொடியில ஸ்க்ரீன்ல ஒரு சொல்லு மின்னும், அது நிஜச் சொல்லா இல்லையான்னு டக்குனு சொல்லணும். கதை தெளிவா பூச்சியைத்தான் காட்டுது, ஆனாலும் "எறும்பு" எவ்ளோ வேகமா புடிபட்டுச்சோ "உளவாளி"யும் அதே வேகத்துல புடிபட்டுச்சு, சம்பந்தமே இல்லாத சொல்லு மெதுவாத்தான். மூணு அசை தள்ளிக் கேட்டா எறும்பு மட்டும் வேகம், உளவாளி போயாச்சு. அதாவது எல்லா அர்த்தமும் ஒரு கணம் எழுந்து நிக்குது, வேண்டாததை மூளை உடனே உக்கார வச்சிடுது. நமக்கு நடந்ததே தெரியாது.

பிரேயாலைவிட ஸ்வின்னி சொல்றதுதான் எனக்கு நம்பும்படியா இருக்கு, ஏன்னா சிலேடை எப்படி வேலை செய்யுதுன்னு அதை வச்சுத்தான் விளங்குது. மத்த அர்த்தம் எழுந்தே நிக்கலன்னா காளமேகம் பாட்டுக்கு யாரு சிரிச்சிருப்பா?

இதே கத்தியைத் தூக்கிட்டு நம்ம "போடு" மேல போனா என்ன ஆகும்னு அப்பப்ப நினைச்சுப் பார்ப்பேன். சட்டை போடு, டீ போடு, கோலம் போடு, ஊசி போடு, ஓட்டு போடு, ரோடு போடு, மொட்டை போடு, சண்டை போடு, கேஸ் போடு, குட்டி போடு, தாழ்ப்பாள் போடு, தூக்கம் போடு, பிட்டு போடு, ஆளையே போடு. இதுல "உடைச்சுப் போட்டான்"ல ஒட்டிக்கிட்டு வர்ற போடு வேற தனி. பிரிக்கிற கட்சிக்காரர் ஒருத்தரை உக்கார வச்சா ஒம்பது மாசம் பத்தாது. அதையும் செட்டையும் ஒரே வாக்கியத்துல விட்டுட்டா இன்னும் விசேஷம். "ரெண்டு செட்டு போட்டாச்சு"ன்னு ஒரு குரல் காதுல விழுதுன்னு வைங்க. சொன்னது ஜிம்லேர்ந்து வர்ற பையனா இருந்தா கை வலிக்குதுன்னு அடுத்து சொல்லுவான், சவுண்ட் சர்வீஸ்காரரா இருந்தா கோயில் பக்கம் இன்னிக்கு ராத்திரி யாரும் தூங்க முடியாது, கோழிப்பண்ணைக்காரரா இருந்தா பேங்க் லோன் வந்துடுச்சு, ஆர்ட் டைரக்டரா இருந்தா தயாரிப்பாளர் தலையில துண்டு.